சூடத்தைத் தொடாத பையன்

எங்க வீட்டுக்காரரு கன்னையா கிள்ளான்ல மாத்தாவா இருந்தாரு. போலீஸ்காரருன்னு சொன்னா எங்க பக்கத்துல யாருக்கும் புரியாது, மாத்தான்னாத்தான் புரியும். கோப்ரல் பதவி. போலீஸ் ஸ்டேஷன நாங்க பாலாய்னு சொல்லுவோம். அந்த பாலாயும் அவரும்தான் புருஷன் பொண்டாட்டி, நான் சும்மா சோறாக்கிப் போட வந்தவ. நல்ல மனுசனான்னு கேட்டா நல்ல மனுசன்தான். வீட்டுக்கு நல்லவரான்னு கேட்டா, வீட்டுல இருந்தாத்தானே சொல்ல முடியும்?

என் பேரு தனலெட்சுமி. தனம்னு கூப்புடுவாரு, அதுவும் பசிச்சா மட்டும்.

நான் சொல்றது எண்பத்தொம்போதாம் வருஷத்துக் கதை. அப்ப எங்க பாத்தாலும் பேக்டரி, ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ், அடுக்கு வீடு. எல்லா எடத்துலயும் ஜாகாவுக்கு, அதான் காவலுக்கு, ஆள் தேடுனானுங்க. மாத்தா வேலை பாத்தவன்னா கையப் புடிச்சி இழுத்துக்கிட்டுப் போவானுங்க. எங்க பாலாய்லேருந்து ஒவ்வொருத்தரா கெளம்புனாங்க. பக்கத்து வீட்டு நாராயணன் சொந்தமா லோரி ஓட்டப் போய்ட்டாரு. இன்னொருத்தரு மச்சானோட ஒர்க்‌ஷாப்பு பாக்கப் போனாரு. புதுசா வந்த பொடியனுங்க ரெண்டு வருஷம்கூட தாக்குப் புடிக்கல. "டூட்டி ரொம்ப தெருக்லா கோப்ரல்"னு, வேலை தாங்கலன்னு சொல்லிட்டு தொப்பியக் கழட்டி வெச்சிட்டுப் போய்ட்டானுங்க. போனவங்க எடத்துக்கு ஆள் வருது வருதுன்னு மேலேருந்து சொல்லுவாங்க. வரவே வராது.

அதனால என்னாச்சு? இருக்குறவன் தலையில எல்லாத்தையும் கட்டுனாங்க. இவரு ஒரு ஷிப்டு முடிச்சிட்டு சட்டையக் கழட்டுறதுக்குள்ள அடுத்த ஷிப்டுக்கு ஆள் வரலன்னு கூப்புட்டு அனுப்புவாங்க. கால்ல நரம்பெல்லாம் சுருட்டிக்கிட்டு நீலமா நிக்கும். நின்னு நின்னு வந்த வியாதி, நிக்காதீங்கன்னு டாக்டர் சொன்னாரு. மாத்தாவப் பாத்து நிக்காதேன்னா எப்பிடி? செலாயாங்ல கட்டிக்குடுத்த எங்க மவ, புள்ளைக்கு மொட்டை போடுறோம் வாங்கன்னு கூப்புட்டா. தாத்தா மடியில வெச்சி அடிக்கணும்னு எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தாங்க. இவரு எங்க இருந்தாருன்னா, பாசார்ல, அதான் சந்தையில, லோரிய எவனோ குறுக்க நிறுத்திட்டான்னு போக்குவரத்து பாத்துக்கிட்டு இருந்தாரு. சம்பந்தி மடியில வெச்சி அடிச்சாங்க. நான் அன்னிக்கு அவருகூடப் பேசல. அது அவருக்குத் தெரியவும் இல்ல, அசந்து தூங்கிட்டாரு.

இப்பிடி இருக்கையிலதான் சுபாங் ஜெயாவுலேருந்து ஒரு வேலை வந்துச்சு. அங்க புதுசாக் கட்டுன ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ்ல சோலையப்பன்னு ஒருத்தரு மேனேஜரா இருந்தாரு, கிள்ளான்ல கடை வெச்சிருந்த காலத்துலேருந்து இவரத் தெரியும். "கன்னையா, ஜாகாவுக்கெல்லாம் தலைவரா வந்துருங்க. ஏர்கோன் ரூம்ல ஒக்காந்து பாக்குற வேலை. காலைல வந்தா சாயங்காலம் வீடு. ஞாயித்துக்கிழம லீவு"ன்னாரு. ஒக்காந்து பாக்குற வேலைன்னு கேட்டதும் எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. பென்ஷன முன்னாடியே எடுத்துக்கிட்டு போகலாம், சட்டத்துல எடம் இருக்கு. நான் வுடுவேனா? தின்னும்போதும் சொன்னேன், தூங்கும்போதும் சொன்னேன். கடைசியில சரின்னு எழுதிக் குடுத்துட்டாரு. அடுத்த மாசக் கடைசியோட பாலாயத் தலைமுழுகிறலாம். எனக்கு உலகத்துல வேற எதுவும் வேண்டியதில்ல, இந்த மனுசன் அந்த வேலைய வுட்டு முழுசா வெளிய வரணும். அவ்வளவுதான்.

இப்ப அந்தச் சூடத்தைப் பத்திச் சொல்லணும்.

எங்க பாலாய்ல தமிழ் பேசுறவரு கடைசியா இவரு ஒருத்தருதான் மிச்சம். அதனால தமிழ்ப் பையனுங்க எவன் மாட்டுனாலும் இவருகிட்டத்தான் தள்ளுவாங்க. சைக்கிள் திருட்டு, கடையில மிட்டாய் டப்பா திருட்டு, ரயில் தண்டவாளத்து ஓரத்துல செம்புக் கம்பி அறுக்குறது. எல்லாம் பதிமூணு பதினாலு வயசுப் பொடியனுங்க. கேஸ் எழுதுனா கோர்ட்டு, கோர்ட்டுக்குப் போனா பாய்ஸ் ஹோமு, அங்க போனவன் பெரிய திருடனாத்தான் வெளிய வருவான். இது இவருக்கு நல்லாத் தெரியும். அதே நேரம் எவன் செஞ்சான் எவன் செய்யலன்னு ஒழுங்கா விசாரிக்கவும் ஆள் கெடையாது. அதுக்கு இவரு ஒரு வழி கண்டுபுடிச்சாரு. பாலாய்க்குப் பின்னால ஒரு முனியாண்டி கோயில். சின்ன தகரக் கொட்டாய்தான், ஆனா கிள்ளான்ல அந்த முனிக்கு நடுங்காத ஆள் கெடையாது. பையனையும் அப்பா அம்மாவையும் அங்க கூட்டிக்கிட்டுப் போவாரு. சூடத்தக் கொளுத்தி வெச்சி, "செய்யலன்னா அடிச்சி சத்தியம் பண்ணு. செஞ்சிருந்தா ஒத்துக்கிட்டு, இனிமே செய்யமாட்டேன்னு சத்தியம் பண்ணு"ன்னுவாரு.

செஞ்சவன் எவனும் பொய்ச் சத்தியம் பண்ணமாட்டான். எரியிற சூடத்தப் பாத்ததும் ஓன்னு அழுது உண்மையச் சொல்லிருவான். அப்புறம் இவரே அவன ஏதாவது ஒர்க்‌ஷாப்புலயோ தையக்கடையிலயோ சேத்துவுடுவாரு. கேஸும் இல்ல, கோர்ட்டும் இல்ல. அப்பிடி எத்தன பையனுங்க பொழச்சிருக்கானுங்க தெரியுமா? ஒருத்தன் பஸ் ஓட்டுறான், இன்னிக்கும் என்கிட்ட டிக்கெட் காசு வாங்கமாட்டான். இன்ஸ்பெக்டர் ஹம்சா மலாய்க்காரரு, அவருக்கு இந்த முனி, சூடம் எல்லாம் ஒண்ணும் புரியாது. ஆனா வேலை முடியுதுல்ல? "கன்னையா பூன்யா சாரா," கன்னையாவோட வழின்னு சொல்லிட்டு சும்மா இருந்துருவாரு. சூடம் என் வீட்டுச் சூடம். சாமி மேடையிலேருந்து டப்பாவோட தூக்கிக்கிட்டுப் போய்ருவாரு. மாசத்துக்கு எத்தன தடவ வாங்கிவைக்கிறது நான்?

சரி. ஒரு ஞாயித்துக்கிழம மத்தியானம், தெருக்கோடியில சீன முதலாளி லிம் தவுக்கேயோட எலெக்ட்ரிக் கடை சாத்தியிருந்தப்ப, பின்பக்கத் தகரத்த நெம்பி எவனோ உள்ள பூந்து ரேடியோ கேசட்டுங்கள தூக்கிட்டான். அந்தப் பின்சந்துல மூணு பையனுங்க ஒக்காந்து சிகரெட் குடிச்சதப் பாத்தவங்க இருக்காங்க. நாலாவதா ஒருத்தன் அந்த வழியா தலைதெறிக்க ஓடுனதையும் பாத்திருக்காங்க. அந்த மூணு பேருல ஒருத்தன் முனியாண்டி கோயில் பூசாரி பக்கிரிசாமியோட மவன். ஓடுனவன் பாலன். தண்டவாளத்து ஓரக் குடியிருப்பு, கம்பம்னு சொல்லுவோம், அங்க இருக்குற மாரியாயியோட பையன். பதினஞ்சு வயசு. அப்பன் எவளோடயோ போய்ட்டான். மாரியாயி ஓட்டல்ல தட்டு மங்கு கழுவுறவ. அந்தப் பையன எனக்கும் தெரியும், பாசார்ல பையத் தூக்கிக்கிட்டு வந்து குடுப்பான். காசு குடுத்தா வேணாம் ஆன்டின்னுவான்.

செவ்வாக்கெழம சாயங்காலம் நாலு பேரையும் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. சூடம் டப்பா காலியா இருக்குன்னு என்னப் புதுசு வாங்கிக்கிட்டு வரச் சொன்னாரு, அதனால நானும் போனேன். எல்லாத்தையும் கண்ணால பாத்தவ நான்.

மொதல்ல பூசாரி மவன் வந்தான். பட்டையா விபூதி. சூடத்தக் கொளுத்துனதும் டப்புன்னு கையால அடிச்சான். "நான் எடுக்கல அங்கிள். முனி மேல சத்தியம்." ஒரு துளி பயம் கெடையாது. அவனப் பாத்துட்டு மத்த ரெண்டு பேரும் அடிச்சானுங்க. ஒருத்தன் அடிக்கிறதுக்கு முன்னால கண்ண மூடிக்கிட்டான், அவ்வளவுதான்.

பாலன் உள்ளயே வரல. கோயில் கேட்டுக்கு வெளிய, கைய ரெண்டையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு நின்னான்.

"வாடா."

"வேணாம் அங்கிள்."

"ஏண்டா வேணாம்? நீ எடுக்கலன்னா வந்து சூடத்த அடி."

"நான் எடுக்கல அங்கிள். ஆனா சூடத்தத் தொடமாட்டேன்."

"அப்ப ஞாயித்துக்கெழம அந்தச் சந்துல எங்கடா ஓடுன?"

அவன் வாயத் தொறக்கல. மாரியாயி பக்கத்துல நிக்கிறா, அவளும் தலையக் குனிஞ்சிக்கிட்டா. இவரு கெஞ்சுனாரு. "தம்பி, ஒத்துக்கிட்டா நான் கேஸ் எழுதமாட்டேன்டா. இனிமே செய்யமாட்டேன்னு மட்டும் சத்தியம் பண்ணு, போதும்." அவன் தலைய மட்டும் ஆட்டுனான். கண்ணு ரெண்டும் செவந்துபோச்சு. ஆனா காலு ஒரு அடி எடுத்து வெக்கல.

எங்க ஆளுங்களுக்கு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? சூடத்தைத் தொடமாட்டேன்னு ஒருத்தன் சொன்னா அவன்தான். நானும் அப்பிடித்தான் நெனச்சேன், அங்க நின்ன எல்லாரும் அப்பிடித்தான் நெனச்சாங்க. இவருக்கு ரொம்ப வருத்தம். "ஒத்துக்கவும் மாட்டேங்குறான், சத்தியமும் பண்ணமாட்டேங்குறான். நான் என்ன பண்றது?"ன்னாரு. கேஸ் எழுதிட்டாரு. ஜாமீனுக்கு நிக்க ஆள் இல்லாததால பையன ரிமாண்டுக்குக் கொண்டு போய்ட்டாங்க. ஏறும்போது அவன் அழல. "அம்மா, அக்காவப் பாத்துக்க"ன்னு மட்டும் சொன்னான். ஏதோ பாசம்னு நெனச்சிக்கிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சி எனக்கு மனசு கேக்கல. பெத்தவ சாப்புட்டாளோ என்னவோன்னு கொஞ்சம் சோறும் மீன் கொழம்பும் எடுத்துக்கிட்டு அந்தக் கம்பத்துக்குப் போனேன். மாரியாயி கதவப் பாதிதான் தொறந்தா. "வாங்க"ன்னு கூப்புடல. வாசல மறிச்சிக்கிட்டு நின்னா. ஆனா வாசனைய எப்பிடி மறிக்கிறது? உள்ளேருந்து பூண்டும் காயமும் ஓமமும் நல்லெண்ணெயில வதங்குற வாசனை, அதுகூட சாம்பிராணிப் பொக. புள்ள பெத்தவளுக்குக் குடுக்குற மருந்து அது. ரெண்டு புள்ள பெத்தவளுக்கு அது தெரியாமப் போகுமா? ஒண்ணு தங்கல, அது வேற கதை. அந்த நேரம் பாத்து உள்ள ஒரு பச்சப்புள்ள கத்துச்சு.

நான் அவளப் பாத்தேன், அவ என்னப் பாத்தா. அப்பிடியே என் கையப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்துட்டா.

"அக்கா, ஒங்களக் கும்புட்டுக் கேட்டுக்கிறேன். வெளிய சொல்லிறாதீங்க. என் பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகல. எவனோ பேக்டரிக்காரன் ஏமாத்திட்டான். பொறந்தத எங்க அக்கா தூக்கிக்கிட்டுப் போகப் போறா. அது வரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது."

"எப்ப பொறந்துச்சு?"

"ஞாயித்துக்கெழம மத்தியானம். வலி திடீர்னு வந்துருச்சு. நம்ம ஆளுங்க மருத்துவச்சியக் கூப்புட்டா ஊரு பூரா தெரிஞ்சிரும்னு, அடுத்த கம்பத்து மலாய்க்காரப் பிடானக் கூட்டியார பாலன்தான் ஓடுனான்."

எனக்கு அப்பத்தான் ஒறைச்சுது. புள்ள பொறந்த வீடு, தீட்டு வீடு. தீட்டோட முனி கோயிலுக்குள்ள காலு வெப்பானா? சூடத்தத் தொடுவானா? அய்யோ, சாமிக்குப் பயந்த புள்ளைடா அது! தீட்டுன்னு சொன்னா எதனாலன்னு கேப்பாங்க. அக்கா மானம் போய்ரும். அதுக்காகத் திருடன்னு பேரு வாங்கிக்கிட்டு ஏறிப் போனானே! மாரியாயிகிட்ட யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்தேன். வூட்டுக்கு வந்து புருஷன்கிட்ட சொன்னேன். அது வாக்கு மீறுறதுன்னா மீறுறதுதான், போங்க. சொல்லாம எப்பிடி இருக்குறது?

கேட்டதும் இவரு சோத்துல வெச்ச கைய ஒதறிட்டு எந்திரிச்சாரு. "அப்ப சூடத்த அடிச்ச மூணு பேருல எவனோதான் பொய்ச் சத்தியம் பண்ணிருக்கான்"னாரு. "முனி மேலயே."

"இன்ஸ்பெக்டர்கிட்ட போய் பையன் எதுக்கு ஓடுனான்னு சொல்லிருங்களேன். அந்தப் பிடான் சாட்சி சொல்லுவாள்ல"ன்னு கேட்டேன்.

"சொன்னா பைல்ல எழுதணும். எழுதுனா கோர்ட்ல படிப்பாங்க. அங்க இருக்குற கிளார்க் நம்ம ஆளு, தெரியும்ல? சாயங்காலத்துக்குள்ள கம்பம் பூரா சேதி. அந்தப் பையன் எதுக்காக வாய மூடிக்கிட்டு உள்ள போனானோ, அதையே நான் தெருவுல போடுறதா? முடியாது தனம். ரேடியோவ எடுத்தவன நான் புடிச்சாகணும். அதான் ஒரே வழி."

வேலைய வுடப்போற மனுசன், கடைசி மாசம் லீவு எடுத்துக்கிட்டு வீட்டுல கால நீட்டிப் படுக்க வேண்டியவரு. அவரு போய் இன்ஸ்பெக்டர்கிட்ட, "பழைய கேஸத் திருப்பி விசாரிக்கணும்"னு நிக்கிறாரு. இன்ஸ்பெக்டருக்கு எரிச்சல். "ஆள் எங்க இருக்கு கன்னையா? செஞ்சா நீ செய்யி, வேலை முடிஞ்ச நேரத்துல"ன்னுட்டாரு. அப்புறம் கொஞ்சம் எறங்கி வந்து, "சத்து புலான் லாகிலா, தோலோங்"னு கெஞ்சுனாரு. இன்னும் ஒரு மாசம் இருந்து குடுன்னு அர்த்தம். இவரும் சரின்னுட்டு வந்துட்டாரு. சோலையப்பனுக்குப் போன் பண்ணி ஒரு மாசம் தள்ளிக் கேட்டாரு. அவரும் நல்லவரு, "ஒரு மாசம்தான், அதுக்கு மேல வேற ஆள் பாத்துருவேன்"ன்னாரு. நான் கத்துனேன். கத்துனதுக்கு அப்புறம் அந்தப் பையன் மொகம் நெனப்புக்கு வந்துச்சு, வாய மூடிக்கிட்டேன்.

பாலாய்ல வண்டி குடுக்கல. பஸ்லதான் அலைஞ்சாரு. டூட்டி முடிஞ்சி வந்து, சட்டைய மாத்திக்கிட்டு, அந்த நரம்பு சுருண்ட காலோட பழைய சாமான் விக்கிற எடமாப் பாத்துப் போவாரு. செலாயாங்ல பாசார் பூரா சுத்துனாரு, ஒண்ணும் கெடைக்கல. மவ வீடு அங்க பக்கத்துலதான், பேரப்புள்ளயப் பாக்க நேரமில்லன்னு திரும்பி வந்துட்டாரு. பிரிக்பீல்ட்ஸ்ல ரேடியோ ரிப்பேர் கடைங்கள ஒண்ணொண்ணா ஏறி எறங்குனாரு. வீட்டுக்கு வந்து வெந்நித் தண்ணியில கால வெச்சிக்கிட்டு அப்பிடியே நாக்காலில தூங்குவாரு. நான் கால எடுத்துத் தொடச்சி கட்டில்ல போடுவேன். கனமான மனுசன். எனக்கும் இடுப்பு வலி.

கடைசியில பந்திங்ல கெடைச்சுது. அங்க பஸ் ஸ்டாண்டுக்கிட்ட சபாபதின்னு ஒருத்தரு ரேடியோ ரிப்பேர் பண்ணி விக்கிறவரு. அவரு கடையில லிம் தவுக்கே கடை சாமான் ரெண்டு, அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காம இருந்துச்சு. "யாருண்ணே வித்தா?"ன்னு கேட்டதுக்கு சபாபதி சொன்னாராம், "நெத்தி நெறைய விபூதி பூசிக்கிட்டு ஒரு பையன் வந்தான் பாஸ். கோயிலுக்கு உபயமா வந்ததுல ரெண்டு மிச்சம், குடுத்துறச் சொன்னாங்கன்னான். கோயில் சாமான்னு நம்பிட்டேன்லா."

பூசாரி மவன். பொறந்ததுலேருந்து சூடத்தோடவே வளந்தவன். அவன் அப்பன் காலைலயும் சாயங்காலமும் சூடம் கொளுத்துறதையும், மிச்சத்த அணைச்சி டப்பாவுல போடுறதையும் பாத்துப் பாத்து அவனுக்கு அது அடுப்பு நெருப்பு மாதிரி ஆகிப்போச்சு. இவரு போய்க் கேட்டதும் சாதாரணமா ஒத்துக்கிட்டான். "சூடத்த அடிச்சா வுட்டுருவீங்கன்னு எல்லாருக்கும் தெரியுமே அங்கிள்"ன்னானாம். அதைச் சொல்லும்போது இவரு என் மொகத்தப் பாக்கல.

பக்கிரிசாமி ஓடிவந்து கால்ல வுழுந்தாரு. லிம் தவுக்கேக்கு சாமான் திரும்பிக் கெடைச்சுது, கோர்ட்டு வாசல்ல நின்னு ஏவாரத்தக் கெடுத்துக்க அவருக்கு இஷ்டமில்ல. இன்ஸ்பெக்டர் ஹம்சா பூசாரி மவன நாலு திட்டுத் திட்டி அனுப்பிட்டாரு. மொதல் தப்பு, சின்னப் பையன், எழுத ஆளும் இல்ல. திருடுனவன் வீட்டுக்குப் போய்ட்டான். திருடாதவன் ரிமாண்டுல ஒரு மாசத்துக்கு மேல கெடந்தான். என்ன நியாயமோ!

பாலன் மேல இருந்த கேஸ வாபஸ் வாங்குன அன்னிக்கு நானும் கோர்ட்டுக்குப் போனேன். தலைய ஒட்ட வெட்டி, எளச்சிப்போய் வந்தான். நெத்தியில ஒரு தழும்பு. உள்ள எவனோ அடிச்சிருக்கான். மாரியாயி இவரு கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டா. "தெய்வம் மாதிரி வந்து காப்பாத்துனீங்கண்ணே"ன்னா. இவரு கைய உருவிக்கவும் முடியாம, நான்தாம்மா தப்பு பண்ணேன்னு அந்த வாசல்ல வெச்சிச் சொல்லவும் முடியாம நெளிஞ்சாரு. அப்புறம் பாலன் தோள்ல கைய வெச்சி, "எனக்கு எல்லாம் தெரியும்டா தம்பி. என்ன மன்னிச்சிரு"ன்னு மெல்லச் சொன்னாரு. அவன் கோவமும் படல. பஸ் வருதுன்னு போய்ட்டான்.

சரி, கெட்டதுலயும் ஒரு நல்லது, பையன் வந்துட்டான்னு நெனச்சோம். ஒர்க்‌ஷாப்புல அவனச் சேத்துவுட ஏற்பாடு பண்ணாரு. அவன் ரெண்டு நாள் போனான், நின்னுட்டான். ரிமாண்டுல பழக்கமான பெரிய பையனுங்க ரெண்டு பேரு வீட்டு வாசல்ல மோட்டர்சைக்கிள்ல வந்து ஆரன் அடிக்கிறானுங்கன்னு மாரியாயி சொன்னா. இவரு ரெண்டு தடவ தேடிப் போனாரு, பையன் அகப்படல. இதுக்கெடையில சுபாங் வேலைக்கு நாள் வந்துருச்சு. அடுத்த வாரம் பாலாய்ல கடைசி நாள். புதுச் சட்டை, கருப்பு பேண்டு எல்லாம் தச்சு வாங்கியாச்சு. போட்டுப் பாக்கச் சொன்னேன். கண்ணாடி முன்னால நின்னு சிரிச்சாரு. அந்தச் சிரிப்பப் பாத்து எத்தன வருஷம் ஆச்சு.

அந்த வாரத்துல ஒருநாள் மத்தியானம் சாப்பாடு எடுத்துக்கிட்டு பாலாய்க்குப் போனேன். இவரு மேசைக்கிட்ட ஒரு பையன நிக்க வெச்சிருந்தாங்க. பாலன். பாசார்ல நிறுத்தியிருந்த ஒரு மோட்டரத் தள்ளிக்கிட்டுப் போறப்ப புடிச்சிட்டாங்களாம். அந்த மோட்டரோட கள்ளச் சாவிய அவன் பாக்கெட்டுலேருந்து எடுத்து அப்பத்தான் மேசமேல வெச்சிருந்தாங்க.

இவருக்கு மொகத்துல ரத்தமே இல்ல. "என்னாடா இது?"ன்னாரு.

அவன் இவரப் பாத்து சிரிச்சான். மரியாதையாத்தான் சிரிச்சான். "நான் இல்ல அங்கிள். சூடம் கொண்டாங்க, அடிக்கிறேன்."

சொல்லிட்டு சோத்துக் கைய நீட்டுனான். யாரும் எதுவும் கொண்டு வரல. அவன் உள்ளங்கைய விரிச்சி நீட்டிக்கிட்டே நின்னான். கொஞ்சங்கூட நடுங்கல. இவரு அந்தக் கைய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டாரு. நான் கல்யாணம் கட்டி வந்ததுலேருந்து அவரு அழுது பாத்ததில்ல. அன்னிக்கு அத்தன மாத்தாங்க முன்னால, யூனிபோர்மோட அழுதாரு. பையன் ஒண்ணும் புரியாம என்னப் பாத்தான். "ஏன் ஆன்டி அங்கிள் அழறாரு?"ன்னு கேட்டான். சாப்பாட்டுக் கூடைய மேசமேல வெச்சிட்டு வெளிய வந்துட்டேன்.

அன்னிக்கே இன்ஸ்பெக்டர் ரூமுக்குப் போய், வேலைய வுடல, எழுதிக் குடுத்தத திருப்பிக் குடுங்கன்னு வாங்கிட்டு வந்துட்டாரு. இன்ஸ்பெக்டருக்கு சந்தோஷம் தாங்கல, ஒரு ஆள் மிச்சமாச்சில்ல. சோலையப்பனுக்கு நான்தான் போன் பண்ணி வரலன்னு சொன்னேன். தச்ச சட்டைய மடிச்சி மவன் மாதிரி இருக்குற எங்க மாப்ளைக்குக் குடுத்து அனுப்பிட்டேன். சண்டை போடல. சண்டை போட எனக்குத் தெம்பும் இல்ல.

"எது வரைக்குங்க?"ன்னு மட்டும் கேட்டேன்.

"அவன் திருந்துற வரைக்கும் நான் இங்க இருக்கணும் தனம்"னாரு.

பாலன் திருந்தல. இவரு வயசாச்சுன்னு அவங்களா அனுப்புற வரைக்கும் அங்கதான் இருந்தாரு.